தோளுக்கு மட்டும்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றும் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னுவதா அது? தான் வேலை பார்க்கிற பிளாஸ்டிக் கூடாரப் பாலிஹவுஸில் ரோஜாவைக் கட்டுக் கட்டுகிற மாதிரி முடியை ஒரு பிடியாகப் பிடித்து ரப்பர் பேண்டை இறுக்கிவிட்டு, "முடிஞ்சுது, அடுத்த கட்டு எங்க?" என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் தோள் வலிக்கிறது.

வலது கை காதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. கம்பெனியில் செக்கிங் போர்டில் நிற்கிறவளுக்குக் கை மேலே போகாவிட்டால் என்ன மிச்சம்? காருக்குப் போகிற வயர்க் கட்டை ஆளுயரப் போர்டில் விரித்து மாட்டி, மேல் கிளிப்பிலிருந்து கீழ் கிளிப் வரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். இப்போது இடது கையால் இழுக்கிறேன். சூப்பர்வைசர் வெங்கட் பார்த்தும் பார்க்காதது போலப் போகிறான். எத்தனை நாள் போவான்? அப்புறம் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவான்.

கம்பெனி டாக்டர் மறுபடியும் அதே வலி மாத்திரை. "சார், இதைத் தின்னு தின்னு வயிறு புண்ணாயிடுச்சு" என்றேன். வயிற்றுக்கு இன்னொரு மாத்திரை எழுதினார். "அக்குபங்சர் போய்ப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். சிரித்தாரே ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்புக்காகவே போகப்போகிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் இவர் ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலினை எடுத்தார். வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசியைப் போட்டுக்கொண்டு, தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இவர் வீட்டில் பேச்சு மூன்று பாஷையில் நடக்கும், கோபம் மட்டும் தெலுங்கில்தான். "எனக்கு வேற வழியில்லாம தினமும் குத்திக்கறேன். நீ தேடிப் போயி குத்திக்கறியா?" என்றார்.

ஆமாம். தேடித்தான் போவேன்.


பிப்ரவரி 11, ஞாயிறு

பாகலூர் ரோட்டில் ஒரு வீட்டின் முன்னறை. பெஞ்சு, பிளாஸ்டிக் டோக்கன், சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனிதன் படம். வைத்தியம் பார்க்கிறவர் பெயர் தமிழ்செல்வி. எல்லோரும் ஹீலர் என்றுதான் சொல்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டு இல்லை, காட்டன் புடவை. இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என் உடம்பைப் பற்றி அவ்வளவு நேரம் யோசித்த முதல் ஆள் அவர்தான்.

தோளுக்கு வந்தவளுக்கு முழங்காலுக்குக் கீழே குத்துகிறார்! "மேடம், வலி இங்க இல்லீங்க, இங்க" என்று தோளைக் காட்டினேன். "தெரியும். கையைத் தூக்குங்க" என்றார். முடி மாதிரி ஊசி. வலிக்கவில்லை. வலிக்காவிட்டால் எப்படி வேலை செய்யும் என்று எனக்குச் சந்தேகம். கையைத் தூக்கினேன். காதைத் தாண்டியது. கொஞ்சம்தான். ஆனால் தாண்டியது!

கிளம்பும்போது சொன்னார்: "சளி பிடிக்கலாம், வயித்தால போகலாம். பயந்துக்காதீங்க. கழிவு வெளியேறுது."


பிப்ரவரி 13, செவ்வாய்

வயிற்றால் போனது. கழிவு வெளியேறுகிறது என்று இவருக்கு விளக்கினேன். "நேத்து பஸ் ஸ்டாண்டுல தின்ன போண்டாவும் கூடவே வெளியேறுது" என்றார்.


மார்ச் 3, ஞாயிறு

இன்று நானே தலை பின்னினேன். கோணல்தான். ஆனாலும் நானே.


மார்ச் 22, வெள்ளி

போன வாரம் ஹீலர் முதுகில் கப் வைத்தார். கண்ணாடிக் குமிழுக்குள் நெருப்பைக் காட்டி எடுத்து முதுகில் கவிழ்த்தால் தோலைக் கவ்விக்கொள்கிறது. எடுத்தபின் வட்ட வட்டமாகச் சிவப்புத் தடம். இன்று யூனிஃபார்ம் மாற்றும்போது ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் சரிதா பார்த்துவிட்டாள். "அக்கா! யாரு இந்தக் கடி கடிச்சது?" ரூம் முழுக்கச் சிரிப்பு. "சீனாக்காரன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

சரிதா பின்னாலேயே வந்து, "வலி நிஜமாவே குறையுதாக்கா?" என்று கேட்டாள். அவள் முன்னால் மேல் வரிசை கிளிப்பை வலது கையால் தொட்டுக் காட்டினேன். வெங்கட்டும் பார்த்தான். இந்த முறை பார்க்காத மாதிரி போகவில்லை.


ஏப்ரல் 17, புதன்

கம்பெனி டாக்டரிடம் கையைத் தூக்கிக் காட்டினேன். காட்டவேண்டும் என்றுதான் போனேன். வேறு வேலை இல்லை அங்கே. அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இறுகின தோள்மா. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல தானாவே இளகிடும். உங்களுக்கு இளகற நேரம் வந்திருக்கும்" என்றார்.

தானாகவா? இத்தனை மாதம் மாத்திரை கொடுத்தபோது ஏன் அதைச் சொல்லவில்லை? "அந்தத் தானா வர்ற வரைக்கும் என் லைன்ல நீங்க நிப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். சரிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது யோசனை. ஊசியால் இளகியதா, இளகும் நேரத்தில் ஊசி போட்டார்களா? எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அவர் சிரித்ததுதான் தப்பு. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே போயிருக்க மாட்டேன்.


மே 12, ஞாயிறு

இன்று இவரும் வந்தார். கோவிந்தப்பன்! சீனாக்காரன் வைத்தியம் என்று கிண்டல் அடித்த ஆள். நேற்று நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வலது இடுப்பில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னையும் கூட்டிட்டுப் போயேன், இந்தச் சனியன் ஊசியிலேர்ந்து விடுதலை கிடைக்குதான்னு பாக்கறேன்" என்றார். எங்கள் ஊர் பேரிகையிலிருந்து பாகலூர் ரோடு வரை வண்டியில் ஒரே பெருமை எனக்கு. இவரைத் திருத்திவிட்டேன் என்று.

ஹீலர் இவருக்கு ஊசிகூடப் போடவில்லை. நாடி பார்த்தார். காலில் ஒரே ஒரு இடத்தில் விரலால் தொட்டார். அவ்வளவுதான். "பசிச்சா சாப்பிடுங்க. தாகம் எடுத்தா குடிங்க. சுகர்னு ஒரு நோயே இல்ல. உடம்பு கழிவை வெளியேத்தப் பாக்குது, நீங்க மருந்தைப் போட்டு உள்ள அமுக்கறீங்க" என்றார்.

"இன்சுலினை நிறுத்திடறதா மேடம்?" நான்தான் கேட்டேன்.

"டெஸ்டும் எடுக்காதீங்க. நம்பரைப் பாத்தா பயம் வரும். பயம்தான் நோய். உங்க உடம்பு சரியானதை நீங்களே பாத்தீங்கல்ல?"

பார்த்தேன்தான்.


மே 13, திங்கள்

இவர் இன்சுலினை எடுத்துக் குப்பையில் போட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் அது இருந்த இடத்தில் மாங்காய்த் தொக்கு பாட்டிலை வைத்தார். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஞாபகம் இல்லை.


ஜூன் 9, ஞாயிறு

சாமல்பட்டியிலிருந்து நாத்தனார் செல்வம்மாள் போன். யாரோ சொல்லிவிட்டார்கள். "ஊசியை நிறுத்திட்டானாமே? நீ என்ன பண்ணிட்டு இருக்க? எங்கப்பா இந்தச் சுகர்லதான் போனாரு, தெரியுமில்ல?" ஒரே கத்தல்.

நானும் கத்தினேன். "என் தோளு சரியாகாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சரியாச்சா இல்லையா? வந்து பாருங்க அண்ணி. எதுவும் தெரியாம பேசாதீங்க." போனை வைத்தேன். இந்தக் கோபம் எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை அவர்கள் சொன்னது எனக்கும் உள்ளே எங்கேயோ—

வேண்டாம். எல்லோரும் சிரித்தபோது நான் நம்பினேன், ஜெயித்தேன். இதிலும் ஜெயிப்பேன்.


ஜூன் 27, வியாழன்

இவர் இளைத்திருக்கிறார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். "கெட்ட கொழுப்பு போகுது" என்று பாலிஹவுஸில் எல்லோரிடமும் சொல்கிறாராம். தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார். தாகம் எடுத்தால் குடிக்கத்தானே சொன்னார்கள்.


ஜூலை 18, வியாழன்

காலையில் பாத்ரூம் கழுவப் போனால் எறும்பு. சாரை சாரையாகச் செவ்வெறும்பு, இவர் சிறுநீர் கழிக்கிற மூலையில் மட்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே! எறும்பு மொய்த்தால் சர்க்கரை தலைக்கு மேல் போயிருக்கிறது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாக மலர்ந்தது.

"பாத்தியா! சக்கரை வெளிய போகுது. உள்ள இருந்த கழிவெல்லாம் எறும்பு வந்து தின்னுது. நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். போண்டாவுக்குச் சொன்ன வார்த்தை. இப்போது எறும்புக்கும் அதுவே, இளைப்புக்கும் அதுவே. எது வந்தாலும் சரி என்று சொல்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? கம்பெனியில் ஒரு டெஸ்டர் எல்லா வயருக்கும் பச்சை விளக்கே காட்டினால், வயர் எல்லாம் நல்லது என்று யாராவது அனுப்புவார்களா? டெஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட மாட்டோமா!

"ஒரு டெஸ்ட் எடுத்துடலாங்க" என்றேன்.

"நம்பரைப் பாத்தா பயம் வரும்" என்றார். அதே குரல். ஹீலர் குரல்.


ஆகஸ்ட் 2, வெள்ளி

காலில் ரோஜா முள். எப்போது ஏறியது என்று இவருக்கே தெரியவில்லை, வலிக்கவே இல்லையாம். வலிக்கவில்லை என்பதைப் பெருமையாக வேறு சொல்கிறார். வலது கால், சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சேர்கிற இடம். வீங்கி, நடுவில் கறுப்பு. சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருந்தார். நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தேன்.

"ஹீலருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்" என்றார். "கழிவு வெளிய வர ஒரு வாசல் தேடுமாம். இதான் வாசல். அடைக்கக் கூடாதாம்."

சண்டை. இவ்வளவு வருஷத்தில் இப்படிப் போட்டதில்லை. கடைசியில் இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் தோளு எப்படிச் சரியாச்சு? நீ குணமானா அது வைத்தியம். நான் குணமானா அது பைத்தியமா?"

நான் தூக்கிக் காட்டிய கையையே எடுத்து என் வாயைப் பொத்திவிட்டார்.


ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஹீலரிடம் தனியாகப் போனேன். சண்டை போடத்தான். ஆனால் அவர் என்னைப் பார்த்ததும் முதலில் தோளைத் தொட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். பொய் சொல்ல வராது எனக்கு. "நல்லா இருக்கு" என்றேன். கோபமாகச் சொன்னேன்.

"மேடம், அவரு கால்ல கறுப்பு விழுந்திருக்கு. நாத்தம் வருது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நடந்ததை எல்லாம் சொன்னார். குழாய், கட்டு, பில், கடைசியில் முகம் பார்க்கக்கூட விடாதது. கண் கலங்கினார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் பொய்க்காரி இல்லை. அவர் சொல்வதை அவரே நம்புகிறார். அதுதான் எனக்கு அதிக பயம்.

"உங்க அம்மாவுக்கு ஆனது தப்புதான் மேடம். அதுக்கு என் வீட்டுக்காரரு காலை எதுக்குக் குடுக்கணும்?"

"உடம்புல எங்க நோய் வந்தாலும் காரணம் ஒண்ணுதான். உங்களுக்கு வேலை செஞ்சது அவருக்கும் செய்யும். நம்பிக்கை இல்லாதவங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

நம்பிக்கை! என் தோளுக்கு நம்பிக்கை வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் நான் சந்தேகத்தோடுதான் கையைத் தூக்கினேன்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

லீவு போட்டேன். சரிதாவிடம் சுகர் பார்க்கிற மெஷினை வாங்கி வந்திருந்தேன். மதியம் இவர் காய்ச்சலோடு அசந்து தூங்கும்போது விரலில் குத்திவிட்டேன். முழித்துக்கொண்டார். திட்டினார். தெலுங்கு. அதற்குள் சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்துவிட்டேன்.

எண் வரவில்லை. திரையில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. ஹெச், ஐ.

இவர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். "ஹாய்! பாத்தியா மேகலை, மெஷினே எனக்கு ஹாய் சொல்லுது! நல்லா இருக்கறவனைப் பாத்துதான் ஹாய் சொல்லும். என்னைச் சந்தேகப்பட்ட இல்ல?"

ஒரு நிமிஷம் எனக்கும் அப்படியே இருக்கட்டுமே என்று ஆசை வந்தது. இல்லை என்று எழுத முடியாது. வந்தது. ஆனால் மெஷின் எதற்கு ஹாய் சொல்கிறது? நான் பார்த்த எந்த மெஷினும் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை.

வெளியே வந்து சரிதாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்னே அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, அது ஹாய் இல்லக்கா. ஹை. மேல போயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல அளக்க அந்த மெஷினால முடியல. காய்ச்சல் வேற இருக்கா? யோசிக்காதீங்க, இப்பவே கிளம்புங்க."

உள்ளே போனேன். "எந்திரிங்க." மாட்டேன் என்றார். ஹீலருக்குப் போன் பண்ணு என்றார். "யோவ், எந்திரியா!" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. இவர் முகத்தில் கோபம்கூட வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

பக்கத்து வீட்டு மணியின் பிக்கப்பில் தக்காளிக் கிரேட்டைத் தள்ளிவிட்டு இவரைப் படுக்க வைத்தோம். ஓசூர் போகும் வரை, "அது ஹாய்தான் சொல்லுச்சு" என்று முனகிக்கொண்டே வந்தார்.


ஆகஸ்ட் 7, புதன்

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கால் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் வார்டிலேயே, எல்லோர் முன்னாலும்: "எந்தக் கோமாளிம்மா இன்சுலினை நிறுத்தச் சொன்னது? கம்பெனியில வேலை பாக்கறீங்க, உலகம் தெரியாதா? கண்டவங்ககிட்ட ஊசி குத்திக்கப் போனா இப்படித்தான்."

அழுகைதான் வந்தது முதலில். அப்புறம் சூடு ஏறியது. "சார், என் தோளு இறுகிப்போயி தலை பின்ன முடியாம இருந்தேன். அங்கதான் இளகிச்சு. இவரு சுகர் கெட்டதும் அங்கதான். ரெண்டையும் எழுதிக்கங்க. ஒண்ணை மட்டும் எழுதினீங்கன்னா அடுத்த ஆளு உங்களையும் நம்ப மாட்டான்."

நர்ஸுகள் என்னையே பார்த்தார்கள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எழுதியிருக்க மாட்டார்.


ஆகஸ்ட் 10, சனி

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்குமாம்.

செல்வம்மாள் அண்ணி வந்திருக்கிறார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.


ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தொக்கு பாட்டிலை நானே எடுத்து வெளியே வைத்தேன். இவர் தானாகவே வயிற்றைக் கிள்ளி ஊசி போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, எந்தப் பாஷையிலும். ஏதாவது திட்டித் தொலையேன் என்று இருந்தது எனக்கு.

காலை யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறார். யாராவது நலம் விசாரிக்க வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். "முள்ளு குத்திடுச்சு, அவ்வளவுதான்" என்கிறார்.


செப்டம்பர் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரித் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்ததில் தோள் மறுபடி பிடித்துக்கொண்டது. இன்று பாகலூர் ரோட்டுக்குப் போனேன்.

"ரெண்டு விரல் போச்சு மேடம்."

அவர் முகம் வெளுத்தது. நிஜமாகவே வெளுத்தது. அப்புறம், "அவருக்கு எங்கயோ நம்பிக்கை குறைஞ்சிருக்கும்" என்றார்.

அவருக்கா! எறும்பைப் பார்த்து முகம் மலர்ந்த மனுஷனுக்கா நம்பிக்கை குறைந்தது? மேஜையைத் தட்டிவிட்டேன். ஊசி டப்பா கீழே விழுந்தது. "நம்பிக்கையிலதான் விரல் போச்சு. நம்பாம நான் தூக்கிட்டுப் போனதாலதான் மீதிக் கால் இருக்கு. இங்க பாருங்க, உங்க ஊசியை நான் குறை சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுகர் ஊசி போடறவங்ககிட்ட நிறுத்துன்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

"என் வைத்தியத்துல அரைகுறை கிடையாது" என்றார். குனிந்து டப்பாவை எடுத்தார்.

புகார் எழுதிக் கொடுக்கலாம். சரிதா அப்படித்தான் சொல்கிறாள், எங்கே கொடுப்பது என்றும் விசாரித்து வைத்திருக்கிறாள். கொடுப்பேன். ஆனால் அது எப்போது யார் மேஜைக்குப் போகும்? அடுத்த ஞாயிறு அந்தப் பெஞ்சில் யாராவது ஒருத்தர் சுகரோடு வந்து உட்காருவாரே?

அப்படியானால் நானும் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன்.


அக்டோபர் 6, ஞாயிறு

புகார் கொடுத்தாயிற்று. பெஞ்சிலும் உட்கார்ந்தாயிற்று. டோக்கன் எடுத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்தால் வெளியே போகச் சொல்வார்கள், டோக்கன் இருந்தால் சொல்ல முடியாது. வருகிறவர்களை எல்லாம் கேட்டேன்: "என்னங்க பிரச்சினை? முதுகு வலியா? நல்லது, போங்க, எனக்குத் தோளு சரியாச்சு. உங்களுக்கு? சுகரா? ஊசி போடறீங்களா, மாத்திரையா? உள்ள என்ன சொன்னாலும் அதை மட்டும் நிறுத்தாதீங்க. எங்க வீட்டுக்காரரு நிறுத்தினாரு, விரல் போச்சு."

சிலர் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். ஒரு பெண் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்கும் கன்னடம் தெரியும் என்று கன்னடத்திலேயே சொன்னேன். எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். ஓர் அம்மா மட்டும் மெதுவாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் டோக்கன் வந்தது. ஹீலர் கதவருகிலேயே நின்று, "கிளம்புங்க" என்றார். "தோளுக்கு டோக்கன் இருக்கு" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் படுக்கச் சொன்னார். நான் இவ்வளவு சண்டை போட்ட ஆள் கையில் என் காலைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்! ஆனால் அவர் கை அப்படியே இருந்தது. மெதுவாக, சரியான இடத்தில். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். போனது.

"உங்களால இன்னிக்கு ஒருத்தங்க திரும்பிப் போயிட்டாங்க" என்றார்.

"நல்லது" என்றேன்.

"போனவங்களுக்கு மூட்டு வலியும் இருந்துச்சு. அதுக்கு நான் உதவியிருக்க முடியும்."

அது உண்மை.


அக்டோபர் 8, செவ்வாய்

ஞாயிறு நடந்ததை இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "என் விரலைப் பத்தி ஊரெல்லாம் சொல்றியா?" என்றார். "ஆமா" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.


நவம்பர் 10, ஞாயிறு

காலையில் நான் கிளம்பும்போது இவரும் சட்டையை மாட்டினார். எங்கே என்றேன். "நீ சொன்னா எவன் நம்புவான்?" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே சூளகிரியிலிருந்து ஓர் இளைஞன், தன் அம்மாவோடு. அம்மாவுக்குச் சுகர், தினமும் ஊசி. "நிறுத்திடலாம்னு ஊர்ல சொன்னாங்க, அதான் கேட்டுட்டுப் போலாம்னு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்.

அந்த இளைஞன் குனிந்து பார்த்தான்.

"எனக்கும் நிறுத்திடலாம்னுதான் சொன்னாங்க" என்றார். "நான் ரொம்ப சந்தோஷமா நிறுத்தினேன் தம்பி. அம்மாவுக்கு ஊசி எடுத்துட்டு வந்திருக்கியா?"

அந்த அம்மா பையைத் திறந்து காட்டினார். இருந்தது.

"அப்ப சாப்பாட்டு நேரத்துக்குப் போட்டுடும்மா. முதுகு, முட்டி ஏதாவது வலிச்சா இங்கயே இரு, நல்லா பாப்பாங்க. எம் பொண்டாட்டி தோளை இவங்கதான் சரி பண்ணாங்க."

திரும்பிப் பார்த்தேன். தமிழ்செல்வி கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் காலை எடுக்கவில்லை.

அப்புறம் ஹீலர் அந்த அம்மாவைப் பார்த்து, "முட்டி வலிக்குதா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

"வாங்க. முட்டிக்குப் பாக்கறேன். சுகர் ஊசியை நிறுத்தாதீங்க."